அமைதியற்ற மாணவனும் ஆழங்குறைந்த கடலும்

மன்னார் நகரை ஒட்டி அமைந்திருப்பது உப்புக்குளம். பெயரில் உப்பும் இருக்கிறது, குளமும் இருக்கிறது. சுற்றிலும் காணப்படுவதோ மணலும் ஆழங்குறைந்த கடலும். பாடசாலை மணி அடிக்குமுன்னரே, கரைதிரும்பும் வள்ளங்களின் இயந்திர ஒலி அவ்வூர்ச் சிறுவரின் காதில் விழுந்துவிடுகிறது. அங்கே வளரும் மாணவன் ஒருவனை நேயர்கள் மனத்தில் எண்ணிக்கொள்வார்களாக. அவன் அறிவில் மந்தமானவன் அல்லன். பூமிசாஸ்திர பாடம் முடிந்த பின்னும் தேசப்படத்தை மூடாதவன். கணக்குப் புத்தகத்தின் ஓரத்திலே பாய்மரம் வரைபவன். மழை வந்தால் உள்ளே ஓடாமல் வெளியே ஓடுபவன். ஆசிரியர் அவனை நிலைகொள்ளாதவன் என்பார். உம்மா, காலிலே சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்பார். வாப்பா ஒன்றும் சொல்வதில்லை. பரீட்சைப் பெறுபேறு வரும் நாளை எண்ணிக்கொண்டிருப்பார்.

இத்தகைய பிள்ளையைக் குறித்து ஊரிலே இருவகை அபிப்பிராயம் உண்டு. அதட்டி நாற்காலியில் இருத்தி, எழுத்துவேலை ஒன்றுக்கு உரியவனாக்கிவிட வேண்டும் என்பார் ஒரு சாரார். வயது வந்தால் தானே அடங்கிவிடுவான் என்பார் மறுசாரார். இருசாராரும் அவனுடைய அமைதியின்மையை ஒரு காய்ச்சலாகவே கருதுகின்றனர். அது காய்ச்சலா, பசியா என்று கேட்பவர் அரியர். பசியாயின் அதற்கு உணவு வேண்டும்; அவ்வுணவு எங்கே கிடைக்கும் என்ற வினாவும் உடன் எழும். மன்னார்க் கடலின் வரலாற்றைச் சிறிது புரட்டினால், அவ்வினாவுக்கு விடைதேடி அலைந்த சிலர் அங்கே எதிர்ப்படுகின்றனர். அவருள் மூவர் சட்டம் பயின்றவர் என்பது ஒரு வேடிக்கை. சட்டப் புத்தகத்துக்கும் கடலுக்கும் இடையே என்ன உறவோ, யாரறிவார்!

முதலாமவர் இபுனு பதூதா. மொரோக்கோ நாட்டின் தாஞ்சியர் நகரிலே பிறந்த இவர், 1325ஆம் ஆண்டில், 21 வயது இளைஞராய் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றுவதும், போகும் வழியிலே இஸ்லாமியச் சட்டத்தை மேலும் கற்பதும் அவர் கருத்து. மக்காவுக்குச் சென்று திரும்பும் பிரயாணமாகத் தொடங்கியது, ஏறக்குறைய இருபத்துநான்கு ஆண்டுகள் நீண்டது. தாயும் தந்தையும் உயிருடன் இருக்கும்போது பிரிந்த அவர், இருவரையும் மீண்டும் காணவில்லை. 1344ஆம் ஆண்டில் இவர் மாலைதீவிலிருந்து இலங்கைக்கு வந்து சேர்ந்தார். பத்தாலா என்று அவர் குறிக்கும் பட்டினம் புத்தளம் என்பது அறிஞர் பெரும்பாலோர் கொள்கை. அங்கே ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். முத்துக்குளிப்பிலிருந்து வந்த முத்துக்கள் அரசன் முன்னிலையில் குவிந்திருந்தன. ஏவலாளர் அவற்றைத் தரம்பிரித்துக்கொண்டிருந்தனர். வேண்டுவதைக் கேட்குமாறு அரசன் சொல்ல, பாவாதமலைக்குச் செல்ல வழிசெய்து தருமாறு மட்டுமே அந்தப் பிரயாணி கேட்டார். முத்தைக் கேட்டிருந்தால் முத்துக் கிடைத்திருக்கும். அமைதியற்ற மனத்தின் இயல்பு இவ்விடத்திலே நன்கு விளங்குகிறது. பொருள் கண்முன் கிடக்க, அது வழியைக் கேட்கிறது.

மலையைக் கண்டு திரும்பியபின், அவர் சோழமண்டலக் கரைக்குப் போகக் கலம் ஏறினார். அந்தக் கலத்தை நடத்தியவருள் கடலறிந்த தலைவன் இல்லை. காற்று வலுத்தது, கலம் பாறைகளை அணுகித் தப்பி, பின்னர் ஆழமற்ற நீரில் சிக்கிற்று. பாய்மரத்தை வெட்டி வீழ்த்தினர்; மரங்களைப் பிணைத்துத் தெப்பம் கட்டினர். தம்முடன் வந்தோரை முதலில் அனுப்பிவிட்டு, இபுனு பதூதா சிதைந்த கலத்திலேயே இரவைக் கழித்தார். விடிந்தபின் கரையிலுள்ளோர் வந்து மீட்டனர். பாலைவனங்களையும் பனிமலைகளையும் கடந்துவந்த அந்த மனிதரை, இரண்டு கரைகளுக்கு இடைப்பட்ட இந்தச் சிறிய கடல் வீழ்த்தப் பார்த்தது. துணிவு அவரிடம் நிறைய இருந்தது. கலத்தை ஓட்டியவனிடம் அறிவு இல்லை.

அந்த அறிவு எத்தகையது என்பதைச் சற்று நின்று நோக்குதல் தகும். மன்னார்த் தீவு தென்கிழக்கிலிருந்து வடமேற்காக நீண்டு கிடக்கும் ஒரு நிலத்துண்டு. அதன் ஒரு முனையில் மன்னார் நகரம், மறுமுனையில் தலைமன்னார். தலைமன்னாருக்கு அப்பால் நிலம் முற்றாக முடிந்துவிடுவதில்லை. மணல் தீடைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தனுஷ்கோடியை நோக்கிச் செல்கின்றன. இராமர் அணை என்றும் ஆதாம் பாலம் என்றும் இதற்குப் பெயர். இங்கே கடல் பல இடங்களில் ஓரிரு பாகம் ஆழமே உடையது. வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா; இரண்டு பெருநீர்ப் பரப்புக்களுக்கு இடையே இந்தத் தீடைகள் ஒரு சல்லடைபோல அமைந்துள்ளன. வாடைக்காற்று வீசுங் காலத்தில் நீர் வடக்கிலிருந்து தெற்கே பாயும். சோளகம் வீசுங் காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே பாயும். ஆழமற்ற நீராதலால், காற்றுச் சிறிது மாறினாலும் அலை குறுகி உயர்ந்து நெருங்கி எழும். கரையில் நிற்பவன் கண்ணுக்குக் குளம்போலத் தோன்றும் கடலின் உட்குணம் இது.

அக்கரைக்கும் இக்கரைக்கும் இடையே நேர்தூரம் ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். இத்தூரத்தைக் கையாலும் காலாலும் கடந்துவிட வேண்டும் என்னும் ஆசை இருபதாம் நூற்றாண்டிலே சிலருக்கு உண்டாயிற்று. வடக்கே, வல்வெட்டித்துறைக் கரையிலிருந்து கோடிக்கரைக்கு 1954ஆம் ஆண்டில் நீந்திச் சென்றவர் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி. அந்த வழி இன்னும் நெடிது, கடலும் திறந்தது. ஓர் இரவும் ஒரு பகலும் கடலிலேயே கழித்து அவர் கரையேறினார்.

தலைமன்னார் வழியை உலகறியச் செய்தவர் மிகிர் சென். வங்காளத்தைச் சேர்ந்த புருலியாவிலே 1930ஆம் ஆண்டில் பிறந்த இவர், சட்டம் பயில இலண்டனுக்குச் சென்றார். அங்கே, ஓர் அமெரிக்கப் பெண் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த வரலாற்றைப் பத்திரிகையிலே படித்தார். படித்த அந்நாளில் அவர் தேர்ந்த நீச்சல்காரர் அல்லர். சட்டப் படிப்புக்கு இடையே நீச்சலைக் கற்றார், கால்வாயில் இறங்கினார், தோற்றார். 1955ஆம் ஆண்டில் தொடங்கிய தோல்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. 1958ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆம் நாள், 14 மணி 45 நிமிடத்தில் அவர் கால்வாயைக் கடந்தார். அவ்வாறு கடந்த முதல் இந்தியர் அவரே. எட்டு ஆண்டுகள் கழித்து, 1966ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் தலைமன்னாரிலே நீரில் இறங்கினார். மறுநாள் தனுஷ்கோடியிலே கரையேறியபோது 25 மணி 36 நிமிடம் கழிந்திருந்தது. கால்வாயினும் இந்த நீரிணை தூரத்தில் மிகையன்று. ஆயினும் காலம் ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று. நீரோட்டம் மனிதனை எவ்வாறு அலைக்கழிக்கும் என்பதற்கு இந்த எண்களே போதிய சான்று. அவர் அவ்வாண்டிலேயே ஜிப்ரால்ட்டர் நீரிணை, தார்தனெல்சு, பொஸ்போரசு, பனாமாக் கால்வாய் ஆகியவற்றையும் நீந்தி முடித்தார்.

அவர் இறங்கிய தனுஷ்கோடி எத்தகைய தனுஷ்கோடி என்பதையும் நேயர்கள் மறத்தலாகாது. அதற்குப் பதினாறு மாதங்களுக்கு முன்னர், 1964ஆம் ஆண்டு டிசெம்பரில் எழுந்த சூறாவளி அந்தப் பட்டினத்தைச் சிதைத்துவிட்டது. புகையிரதம் ஒன்று பிரயாணிகளுடன் கடலுள் மறைந்தது. 1914ஆம் ஆண்டு தொடக்கம் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடிய கப்பற் சேவையும் அதன்பின் அத்துறையைத் தொடவில்லை. நீந்திவந்தவரை வரவேற்றது, கூரையற்ற சுவர்களும் மணலுமாய் நின்ற ஒரு பாழூர்.

மூன்றாமவர் வல்வெட்டித்துறை தந்த ஆனந்தன், வி. எஸ். குமார் ஆனந்தன் என்பது முழுப்பெயர். 1943ஆம் ஆண்டிலே பிறந்த இவரும் சட்டம் பயின்றவரே. தமிழ் மக்கள் இவரை ஆழிக்குமரன் என்று அழைத்தனர். 1971ஆம் ஆண்டில் இவர் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு நீந்தி, அங்கிருந்து மீண்டும் இலங்கைக்கே நீந்தி வந்தார். போகவும் வரவும் 51 மணி நேரம். இரண்டு இரவுகளுக்கு மேலாக ஒரு மனிதன் உறங்காது உப்புநீரிலே கிடந்தான் என்பதை எண்ணிப் பார்க்கும்போது, சாதனை என்ற சொல்லும் சிறிதாகிவிடுகிறது. உப்பினால் நாக்குத் தடிக்கும், கண் வீங்கும், தோளிலும் கழுத்திலும் தோல் உராய்ந்து புண்ணாகும். இருளிலே திசை தெரியாது. துணைவரும் வள்ளத்தின் விளக்கொன்றே உலகம். அக்கரை கண்ட களிப்பில் ஏறி அமர்ந்துவிட்டால் யாரும் குறைகூறப் போவதில்லை. ஆனந்தன் முகத்தைத் திருப்பி, வந்த வழியே புறப்பட்டார்.

கடலோடு அவர் நிற்கவில்லை. துவிச்சக்கர வண்டியைக் கொழும்பிலே 187 மணி நேரத்துக்கு மேல் ஓட்டினார். ஒற்றைக்காலில் 33 மணி நேரம் நின்றார். கின்னஸ் நூலிலே அவர் பெயர் பலமுறை இடம்பெற்றது. இவற்றுள் சிலவற்றைப் பார்ப்போர், இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு. ஒற்றைக்காலில் நிற்பதால் உலகுக்கு ஒரு நாழி நெல்லும் விளையாது. ஆயினும், உடம்பின் எல்லை எங்கே என்று அறிய விரும்பிய ஒருவர், கிடைத்த ஒவ்வொரு வழியிலும் அதைத் தேடினார் என்றே அவற்றைக் கொள்ளல் வேண்டும். கடைசியில் அவர் ஆங்கிலக் கால்வாயை நாடினார். பாக்கு நீரிணையின் நீர் வெதுவெதுப்பானது. கால்வாயின் நீர் கோடையிலும் குளிர்ந்தது. 1984ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள், அக்கால்வாயை நீந்தும் முயற்சியிலே ஆனந்தன் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 41.

உப்புக்குளத்து வாப்பா ஒருவர் மகனை ஏன் கடலுக்கு அனுப்பத் தயங்குகிறார் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை. வீரச்செயலைப் பாடுவோர் அதன் விலையை அடிக்குறிப்பிலே போட்டுவிடுவர். பெற்றோருக்கோ அந்த அடிக்குறிப்பே பெரிய எழுத்தாகத் தெரியும். அவர்களை நோக்கி, பயப்படாதீர்கள் என்று வெளியார் ஒருவர் சொல்வது எளிது, நேர்மையன்று. சொல்லத்தக்கது வேறு. அந்த நீரிணையைப் பின்னர் கடந்தோர் தொகை வளர்ந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டில் தேனியைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுவன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் பத்தரை மணி நேரத்தில் நீந்திச் சென்றான். 2021ஆம் ஆண்டில் இலங்கை விமானப்படையைச் சேர்ந்த ரொஷான் அபேசுந்தர, போய்வரும் தூரமாகிய 59 கிலோமீற்றரை 28 மணி நேரத்துக்குச் சிறிது அதிகமாக எடுத்து முடித்தார். ஐம்பது ஆண்டுகளாக நின்ற ஆனந்தனின் நேரம் அன்று முறியடிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டில் மும்பையிலிருந்து வந்த ஜியா ராய் என்னும் சிறுமி 13 மணி 10 நிமிடத்தில் கடந்தாள். பதின்மூன்று வயதுடைய அச்சிறுமி, ஓட்டிசம் என்னும் வளர்ச்சிக் குறைபாட்டோடு வாழ்பவள்.

முந்தியோர் தேடிய அறிவு பிந்தியோருக்கு முதலாயிற்று. எந்த மாதத்தில் இறங்குவது? வாடை ஓய்ந்து சோளகம் எழாத இடைக்காலத்தில். மாசி, பங்குனி, சித்திரையில். எந்த நேரத்தில்? பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின்னர் அல்லது விடியலுக்கு முன்னர். காற்று உறங்கும் வேளை அது. எந்தத் திசையில்? நேர்கோட்டில் நீந்துபவன் நேர்கோட்டில் போய்ச் சேரமாட்டான். நீர் இழுக்கும் பக்கத்தைக் கணக்கிட்டு, அதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து நீந்த வேண்டும். இதைக் கணக்கிடுபவன் நீச்சல்காரன் அல்லன். வள்ளத்தின் பின்னணியத்திலே நிற்கும் ஓட்டி. அவன் பெயர் பத்திரிகையில் வருவதில்லை. நீரின் நிறத்தைக் கொண்டு ஆழத்தைச் சொல்வான். மேகத்தின் அடியைக் கொண்டு காற்றைச் சொல்வான். இபுனு பதூதாவின் கலத்திலே இல்லாதிருந்தவன் இவன்தான். உப்புக்குளத்து மாணவனுக்கு இவன் அந்நியன் அல்லன். தெருக்கோடியில் வலை பொத்திக்கொண்டிருக்கும் மாமாவோ, பெரியவாப்பாவோ இத்தகைய ஒருவராய் இருத்தல் கூடும். மாணவன் தேசப்படத்திலே உலகைத் தேடுகிறான். அவர் தலையிலிருக்கும் படமோ எங்கும் அச்சாகவில்லை.

இனி, கடலில் இறங்குவது ஒன்றே வீரம் என்று எண்ணிவிடலாகாது. வெயிலிலும் காற்றிலும் நின்று செய்யும் வேலையே சிலருக்குப் பிரயாணமாக அமைந்துவிடும். மன்னாருக்குத் தெற்கே, அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கரைகளுக்கு எதிரேதான் புகழ்பெற்ற முத்துப்பார்கள் இருந்தன. சலாபம் கூடினால் ஆளற்ற மணற்கரையில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே எழும்பிவிடும். கீழக்கரையிலிருந்தும், தூத்துக்குடியிலிருந்தும், யாழ்ப்பாணத்திலிருந்தும், பாரசீகக் குடாவிலிருந்தும் குளியாள்கள் வருவர். காலிலே கல்லைக் கட்டிக்கொண்டு அடிமட்டத்துக்கு இறங்கி, ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலாக மூச்சை அடக்கி, கைக்கெட்டிய சிப்பியைக் கூடையில் வாரி மேலெழுவது அவர் தொழில். சுறாவைக் கட்டிப்போட மந்திரம் சொல்லும் கடற்கட்டி ஒருவரும் கரையில் இருப்பார். மந்திரம் சுறாவைக் கட்டிற்றோ இல்லையோ, குளியாளின் பயத்தைக் கட்டிற்று. அவருக்குக் கிடைத்த கூலி வீண்கூலி ஆகாது.

1891ஆம் ஆண்டுக்குப் பின்னர் பார்கள் சிப்பியின்றி வறண்டன. காரணம் அறியும்பொருட்டு அரசாங்கம் ஹேர்ட்மன் என்னும் விஞ்ஞானியை அழைத்தது. அவருடன் 1902ஆம் ஆண்டிலே வந்தவர் ஜேம்ஸ் ஹோர்னல். ஹேர்ட்மன் சில மாதங்களில் தாய்நாடு திரும்பினார். ஹோர்னல் தங்கிவிட்டார். பார்களை அளந்தார், குளியாள்களோடு வள்ளங்களிலே நாள் கழித்தார், இளஞ்சிப்பி எங்கே ஒட்டுகிறது, எந்தக் காற்றில் மணல் மூடுகிறது என்று குறித்தார். 1905ஆம் ஆண்டில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. அடுத்த ஆண்டிலே அரசாங்கம் பார்களை ஒரு கம்பனிக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. 1907ஆம் ஆண்டுக்குப் பின் கம்பனிக்கு முத்தும் இல்லை, இலாபமும் இல்லை. சில ஆண்டுகளில் அதுவே மூழ்கிப்போயிற்று. கடலை ஆராயாமல் கடலைக் குத்தகைக்கு எடுத்தால் இவ்வாறுதான் முடியும்.

ஹோர்னல் வறியவராகவில்லை, பொருளால் அன்று, அறிவால். பின்னர் சென்னை மாகாண மீன்பிடித் துறையின் தலைவரானார். ஓய்வு பெற்றபின் பசுபிக் தீவுகள் வரை சென்றார். அங்கெல்லாம் அவர் கேட்டது ஒரே கேள்வி. உங்கள் தோணியை எப்படிக் கட்டுகிறீர்கள்? மன்னார்க் கடலில் வள்ளத்தையும் கட்டுமரத்தையும் உற்றுநோக்கத் தொடங்கிய கண், உலகத்துத் தோணிகளையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கும் கண்ணாயிற்று. நீர்மேற் செல்லும் கலங்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1946ஆம் ஆண்டிலே வெளிவந்தது. வீட்டை விட்டு ஓடிப்போய்த்தான் உலகைக் காண வேண்டும் என்று எண்ணும் மாணவன் இவரைச் சற்றே கவனித்தல் நலம். கையிலே கிடைத்த ஒரு வேலையை வெளியில் நின்று பழுதறச் செய்தார். அந்த வேலையே அவரை உலகெங்கும் கொண்டுசென்றது.

பிரயாணம் என்ற சொல்லைச் சொல்லும்போது மன்னாரிலே ஒரு தயக்கம் வேண்டும். அங்கே அது எப்போதும் இனிய சொல்லாய் இருந்ததில்லை. 1983ஆம் ஆண்டு தொடக்கம் போர்க்காலம் முழுவதிலும், பேசாலையிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் இரவோடிரவாகச் சிறுவள்ளங்களில் ஏறி இராமேசுவரத்துக்குச் சென்றன. அச்சங்கொண்ட ஓட்டிகள் சிலர் அவர்களைத் தீடைகளிலே இறக்கிவிட்டுத் திரும்பியதும் உண்டு. நீச்சல்வீரர் தொட்டுச் சென்ற அதே மணல். அங்கே கைக்குழந்தையுடன் நின்று, யாராவது வருவாரா என்று கடலைப் பார்த்திருந்தனர் தாய்மார். 1990ஆம் ஆண்டு அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் சில நாள் அவகாசத்தில் வீட்டையும் வள்ளத்தையும் வலையையும் விட்டு, கடல்வழியே கற்பிட்டிக்குப் போய் இறங்கினர். புத்தளத்து முகாம்களிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு மன்னார் என்பது பெற்றோர் வாயிலே கேட்ட ஊர். 2009ஆம் ஆண்டிலே போர் முடிந்தபின் ஒரு பகுதியினர் திரும்பினர். எல்லோரும் திரும்பவில்லை, திரும்பியவர்க்கு எல்லாம் கிடைத்துவிடவும் இல்லை.

ஆகவே, காலிலே சக்கரம் கட்டியவன் என்று மகனைச் சொல்லும் உம்மாவின் குரலில் கேலி மட்டும் இருப்பதில்லை. அவருக்குத் தெரிந்த பிரயாணம் வேறு. மூட்டையைக் கட்டும்போது எதை விடுவது என்று அழுதுகொண்டு தீர்மானித்த பிரயாணம் அது. மகன் ஆசைப்படுவதோ, தானே நாள்குறித்து, தானே பை கட்டி, வாசலில் நின்று கையசைத்துவிட்டுப் போகும் பிரயாணம். திரும்பி வந்து கதை சொல்லும் பிரயாணம். அந்த ஆசை ஒரு பிள்ளைக்கு உண்டாவதற்குக் கதவுக்குப் பின்னால் ஒரு வீடு நிலையாக நிற்க வேண்டும். ஒரு தலைமுறைக்கு அந்தச் செல்வம் வாய்க்கவில்லை. இன்று வகுப்பறைச் சாளரத்தினூடே வெளியே பார்க்கும் மாணவனுடைய அமைதியின்மையை இந்தக் கண்ணோடு நோக்கினால், அவனை அதட்டுவதற்கு ஆசிரியரின் நாவும் சிறிது கூசும்.

1990ஆம் ஆண்டிலே நின்றுபோன தலைமன்னார்ப் புகையிரதம் 2015ஆம் ஆண்டில் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. ஆயினும் தண்டவாளம் போய் முடியும் இடத்தில் அக்கரைக்குக் கப்பல் இல்லை. மாணவனின் கண் கடலில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். ஆனால் கப்பல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் அவன் காலடியிலேயே உள. தீவுக்கு எதிர்க்கரையில், நகரிலிருந்து வெகுதூரமில்லாத வங்காலையின் சதுப்பும் உவர்நிலமும் 2008ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாயின. இரண்டு ஆண்டுகளின்பின் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தன. ஐப்பசி தொடங்கியதும் அங்கே வடதேசத்துப் பறவைகள் வந்து நிறைகின்றன. பூநாரைகள் கூட்டங்கூட்டமாய் ஆழமற்ற நீரிலே தலைகீழாக உணவு தேடும் காட்சியைக் காண வெளிநாட்டார் விமானமேறி வருகின்றனர். உள்ளூரார் சிலர் அவ்வழியே பேருந்தில் போகும்போது உறங்கிவிடுகின்றனர்!

இப்பறவைகளை எண்ணுவதும் பின்தொடர்வதும் இன்று ஒரு முறையான கல்வி. கொழும்புப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் மன்னார்க் கரையிலே கடற்காகங்களைப் பிடித்து, முதுகிலே சிறு கருவியொன்றைப் பூட்டி, செய்மதி வழியாக அவற்றின் போக்கை அறிகின்றனர். கேட்பதற்கு எளிதாய் இருக்கும் இவ்வேலை செய்வதற்கு எளிதன்று. இருளில் ஈரமணலிலே மணிக்கணக்காய் ஓசையின்றி இருக்க வேண்டும். உப்புக்காற்றிலே கண் எரியும், முழங்கால்வரை சேறு. பிடித்த பறவையை நோகாமல் ஏந்தி, நிறுத்து, அளந்து, கருவியைப் பூட்டி, அது மூச்சிரைக்குமுன் விட்டுவிட வேண்டும். நாற்காலியில் அரைமணி நேரம் இருக்கமாட்டாத பிள்ளை இங்கே ஐந்து மணி நேரம் அசையாமல் இருப்பான். அவனுக்கு இல்லாதிருந்தது பொறுமை என்று இதுவரை சொன்னவர், அப்போது தம் சொல்லைத் திருத்திக்கொள்ள நேரும்.

2021ஆம் ஆண்டில் அவ்வாறு கருவி பூட்டப்பட்ட கடற்காகம் ஒன்றுக்கு மேகா என்று பெயரிட்டனர். வெயில் முற்றிய காலத்தில் அது மன்னாரை விட்டு எழுந்தது. இந்தியாவைக் கடந்து, மத்திய ஆசியாவின் வறண்ட வெளிகளைக் கடந்து, வடதுருவத்தை அடுத்த ரஷ்யக் கரையிலே போய் இறங்கிற்று. அங்கே கோடை குறுகியது. அது முடிந்ததும், பறவை மீண்டும் தெற்கே திரும்பி, பல ஆயிரம் கிலோமீற்றர் பறந்து, மன்னாரின் மணலிலேயே வந்து இறங்கிற்று. கருவி அனுப்பிய புள்ளிகளை ஒன்றோடொன்று இணைத்து ஆய்வாளர் வரைந்த கோடு, உப்புக்குளத்து மாணவன் மூடாமல் வைத்திருக்கும் அந்தத் தேசப்படத்தில் ஏறக்குறைய ஒரு சாண் நீளம் வரும்.